"எழுதிக் குடுங்க சார்": சட்டவிரோத வாய்மொழி உத்தரவு வந்தால் அரசு ஊழியர் செய்ய வேண்டியவை

தாலுகா அலுவலகமோ காவல் நிலையமோ பேரூராட்சியோ, செய்யக் கூடாத வேலை ஒன்றுக்கான உத்தரவு காகிதத்தில் வருவது அபூர்வம். போனில் வரும். "மேல இருந்து சொல்றாங்க, முடிச்சிடுங்க" என்று வரும். மேலே இருப்பது யார், எப்போது சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்பதற்குத் தடயமே இருக்காது. கீழே விழுகிற கையெழுத்துக்கு மட்டும் பெயர், பதவி, தேதி எல்லாம் இருக்கும். ஐந்து வருடம் கழித்து விசாரணை என்று வந்தால், கோப்பைப் புரட்டுபவர் கண்ணில் படுவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இந்தக் குறிப்புகள் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு: விஏஓ, வருவாய் ஆய்வாளர், உதவியாளர், கண்காணிப்பாளர், உதவிப் பொறியாளர், தலைமைக் காவலர். மாவட்ட ஆட்சியருக்கும் பொருந்தும். ஆனால் அவருக்கு எடுத்துச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏன் தலையாட்டிவிடுகிறோம்

பயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பயம் உண்டு. ஆனால் தண்டனை பயம் துளியும் இல்லாத இடத்திலும் மனிதர்கள் பணிகிறார்கள். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் இதைத்தான் காட்டின. கூலிக்கு வந்தவர்களிடம், பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். உண்மையில் மின்சாரம் இல்லை, அலறல் நடிப்பு. பாதியில் எழுந்து போனாலும் கூலி உண்டு. அப்படியிருந்தும் அறியப்பட்ட வடிவத்தில் 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை போனார்கள். சோதனை நடத்திய விதம் பற்றி விமர்சனங்கள் நிறைய உண்டு. ஆனால் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் கவனிக்க வேண்டியது அந்த 26ஐ அல்ல, சூழலை மாற்றிச் செய்த மூன்று சோதனைகளை.

முதலாவதில், உத்தரவிடுபவர் அறையை விட்டுப் போய் போனில் பேசினார். கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். இரண்டாவதில், விசையை வேறொருவர் அழுத்தினார். சோதனைக்கு வந்தவருக்குக் கேள்வி வாசிப்பது போன்ற துணை வேலை மட்டும். 40 பேரில் 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவதில், கூட இருந்த இருவர் "நாங்கள் செய்ய மாட்டோம்" என்று எழுந்துவிட்டார்கள். இப்போது கடைசி வரை போனவர்கள் 40இல் 4 பேர்.

நம் அலுவலகங்களின் அமைப்பு அந்த இரண்டாவது சோதனை மாதிரிதான். உதவியாளர் குறிப்பு எழுதுகிறார், கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போடுகிறார், அதிகாரி ஆணையிடுகிறார், களத்தில் இடிப்பவர் வேறு ஆள். நான் வெறும் குறிப்புதானே எழுதினேன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆறுதல் கிடைத்துவிடுகிறது. கீழே சொல்லும் படிகள் மற்ற இரண்டு சோதனைகள் காட்டிய வழியில் போகின்றன: நேருக்கு நேர் அழுத்தத்திலிருந்து விஷயத்தைக் காகிதத்துக்கு நகர்த்துவது, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வது.

உத்தரவு என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்

அதிக தூரம் இல்லை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் புகுந்தவர்கள் மீதான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, போலீசார் 108, வருவாய்த்துறையினர் 6. தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கணக்கைப் பாருங்கள்: கூடப் போனவர்களுக்குத் தண்டனை 19 வருடத்தில், மாவட்டத்தின் உச்சியில் இருந்தவர்களைப் பற்றிய பேச்சு 31 வருடத்தில்.

சட்டத்தின் வாசகமும் இதே பக்கம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 76) தரும் எடுத்துக்காட்டில், ஒரு சிப்பாய் மேலதிகாரியின் உத்தரவுப்படி கூட்டத்தை நோக்கிச் சுடுகிறான், அது குற்றமில்லை என்று வரும். பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடுவில் "சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க" என்று இருக்கிறது. பாதுகாப்பு முழுக்க அந்தச் சொற்களில்தான். உத்தரவு சட்டத்துக்கு இணங்கவில்லை என்றால் 14ஆம் பிரிவு கை கொடுக்காது. போலி என்கவுன்டர் வழக்கொன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம் 'உத்தரவுக்குப் பணிந்தோம்' என்ற நாஜிகளின் வாதத்தை ஏற்காத நியூரம்பெர்க் விசாரணையைச் சுட்டிக்காட்டி, அப்படி ஒரு உத்தரவு வந்தால் மறுப்பது காவலரின் கடமை என்று நேராகவே சொன்னது. கோப்பு வேலைக்கு 201ஆம் பிரிவு நினைவில் இருக்கட்டும்: தீங்கு நேரும் என்று தெரிந்தே பொய்யான ஆவணம் தயாரிக்கும் அரசு ஊழியருக்கு 3 ஆண்டு வரை சிறை.

முதலில் உத்தரவைத் தரம் பிரியுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். பிடிக்காத உத்தரவு வேறு, சட்டவிரோத உத்தரவு வேறு. உங்களுக்கு உடன்பாடில்லாத அரசுக் கொள்கையாக இருக்கலாம். முறைப்படி போடப்பட்ட ஆணை என்றால், மாற்றுக்கருத்தைக் குறிப்பில் எழுதிவிட்டு நிறைவேற்றத்தான் வேண்டும். இதற்கெல்லாம் முரண்டு பிடித்தால், உண்மையிலேயே மறுக்க வேண்டிய நாளில் உங்கள் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அடுத்தது இழுபறியான வகை. விதி ஒன்று சொல்கிறது, அதிகாரி வேறொன்று சொல்கிறார், விதிவிலக்கு இருக்கலாம், அதிகாரம் அவருக்கு இருக்கலாம். இதற்கு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தெளிவான எழுத்து உத்தரவு வந்தால் செய்யலாம், பொறுப்பு எழுதியவருக்கும் போகும்.

எழுதிக் கொடுத்தாலும் செய்யக் கூடாத வகையும் உண்டு. அடிப்பது, முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவது, போகாத இடத்துக்குப் போனதாகப் புலத்தணிக்கை எழுதுவது, கைது நேரத்தை மாற்றுவது, பதிவேட்டில் பக்கம் கிழிப்பது. இதற்கு எழுத்து உத்தரவு கேட்டு நிற்காதீர்கள். வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

வாய் உத்தரவைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது

வாய்மொழி உத்தரவு என்பது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. அவசரநிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அச்சகங்கள் இருந்த பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்தும்படி போன உத்தரவு வாய்மொழியாகவே போனது என்று அவசரநிலை அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. வேறு நிர்வாகத்திடம் மின்சாரம் வாங்கிய இரண்டு நாளிதழ்கள் மட்டும் மறுநாள் வெளிவந்தன. எழுத்தில் கேட்டிருந்தால் அந்த உத்தரவைக் கொடுக்க எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காகிதம் கேட்பதன் வேலையே அதுதான். கணிசமான உத்தரவுகள் கேட்ட இடத்திலேயே ஆவியாகிவிடும்.

கேட்பதற்கு விதி இருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் விதி 3(2): மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், வாய்மொழி உத்தரவு பெற்றவர் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் உறுதிப்படுத்தல் கேட்க வேண்டும். கடைசிப் பகுதி உங்கள் உரிமை மட்டுமில்லை, உங்கள் மேல் சுமத்தப்பட்ட கடமை. அனைத்திந்தியப் பணி அதிகாரிகளுக்கு 1968ஆம் ஆண்டு விதிகளில் விதி 3(3) இதையே சொல்கிறது. 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில், வாய்மொழி அறிவுரையை வைத்து அரசு ஊழியர் இயங்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றம், இதே போன்ற வழிமுறையை 3 மாதத்துக்குள் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. குறிப்பு எழுதும்போது இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டத் தேவையில்லை. சண்டைக்கு வருகிறார் என்று ஆகிவிடும். பதில் விளக்கம் எழுதும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டாம், நியாயம் பேசவும் வேண்டாம். "எழுதிக் குடுத்துடுங்க சார், உடனே வச்சிடுறேன்" போதும். "ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பது வழக்கமான மறுகேள்வி. "அப்படி இல்ல சார், ஆடிட்ல கேட்டா காட்ட ஒரு நம்பர் வேணும்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் இல்லை. தணிக்கையைப் பழி சொல்வது எல்லா அலுவலகத்திலும் செல்லுபடியாகும் நாணயம்.

எழுதிக் கொடுக்கவில்லை என்றால், அன்று மாலைக்குள் நீங்களே எழுதுங்கள். ஓடைப் புறம்போக்கு (ஓடைக்கான அரசு நிலம்) ஒன்றுக்கு "ஆட்சேபணை இல்லை" என்று அறிக்கை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருந்தால் போதும் (இதில் வரும் அ-பதிவேடு, கிராமத்தின் நில விவரப் பதிவேடு):

"இன்று மாலை 4.10 மணிக்குத் தாங்கள் தொலைபேசியில், மேற்படி புல எண்ணுக்கு ஆட்சேபணை இல்லை என அறிக்கை அளிக்கும்படி தெரிவித்தீர்கள். அ-பதிவேட்டில் இப்புலம் ஓடைப் புறம்போக்கு எனப் பதிவாகியுள்ளது. இம்மாதம் 6ஆம் தேதி புலத்தணிக்கை செய்ததில் தண்ணீர் ஓடும் தடம் உள்ளது (புகைப்படங்கள்: பக்கம் 11, 12). எனவே ஆட்சேபணை இல்லை என அறிக்கை அளிக்க இயலாத நிலை உள்ளது. தங்களது எழுத்துப்பூர்வ அறிவுரை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."

ஐந்து வாக்கியம். முதலாவதில் யார், எப்போது, எதன் வழியாக, என்ன சொன்னார் என்று நான்கும் இருக்கின்றன. "உயர் அலுவலர்களின் அறிவுரைப்படி" என்று பொதுவாக எழுதினால் அது யாரையும் கட்டாது. இரண்டும் மூன்றும் பதிவேடும் கண்ணால் பார்த்ததும். நான்காவது மறுப்பு. "இயலாத நிலை" என்பது நம் அலுவலகத் தமிழில் மரியாதையான, ஆனால் அசைக்க முடியாத சொல். "சட்டவிரோதம்", "அழுத்தம்", "மனசாட்சி" எதையும் நுழைக்க வேண்டாம். படிப்பவர் அதை அங்கேயே புரிந்துகொள்வார். நுழைத்தால் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் நடத்தையைப் பற்றி விளக்கம் கேட்பார்கள். "பணிந்து சமர்ப்பிக்க" என்பது இருக்கட்டும். பணியாத ஒரு குறிப்பு அந்தச் சொல்லில் முடிவது சின்ன வேடிக்கைதான்.

இதற்குப் பிறகு கோப்பு "பேசவும்" என்று பச்சை மையில் திரும்பி வரும். பேசுங்கள். வெளியே வந்ததும் அதன் கீழேயே "பேசப்பட்டது. பத்தி 3இல் உள்ள நிலையே தெரிவிக்கப்பட்டது" என்று தேதியோடு எழுதிவிடுங்கள். "கலந்து பேசியபடி வரைவு வைக்க" என்று வந்தால் இன்னும் கவனம்: என்ன பேசினீர்கள் என்று எழுதாமல் வரைவு மட்டும் வைத்தால், அந்த யோசனையே உங்களுடையது என்று கோப்பு சொல்லும்.

பதிவு எங்கே இருக்க வேண்டும்

காகிதக் கோப்பு என்றால் குறிப்புப் பக்கங்களுக்குத் தொடர் எண் போடுங்கள். எண் இல்லாத பக்கம் காணாமல் போகும், போனது தெரியவும் தெரியாது. ந.க. எண்ணும் (கோப்பின் எண்) தன்பதிவேட்டில் (உங்களுக்கு வரும் கடிதங்களைப் பதியும் ஏடு) அன்றைய பதிவும் ஒத்துப்போக வேண்டும்.

இ-ஆபீஸ் (கணினிக் கோப்பு முறை) இன்னும் நல்லது, ஒரு எச்சரிக்கையோடு. மஞ்சள் குறிப்பு வெறும் வரைவு, மாற்றலாம், அழிக்கலாம். பச்சைக் குறிப்பாக உறுதி செய்து அனுப்பிய பிறகுதான் அது நிலைக்கும். மஞ்சளில் எழுதி வைத்துவிட்டுப் பதிவு செய்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கியவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தால் அது எழுத்துதான், ஆனால் ஸ்கிரீன்ஷாட் பலவீனமான சாட்சி. பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் வேண்டும். ஆகவே அசல் செய்தி இருக்கிற அந்த போனைத் தூக்கிப் போடாதீர்கள், விற்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மறையும் செய்தி அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரி திடீரென்று வாட்ஸ்அப் காலுக்கு மாறினால், பேசி முடித்ததும் "சார், இப்ப சொன்னபடி 214 புல எண் பத்திதானே?" என்று ஒரு வரி தட்டிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் உங்கள் வரி நேரத்தோடு நிற்கும்.

வீட்டில் ஒரு சாதாரண டைரியும் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த அன்றே, சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். சாட்சிக் கூண்டில் நினைவைப் புதுப்பித்துக்கொள்ள, நடந்தவுடன் எழுதிய குறிப்பைப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அலுவலகக் கோப்பை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். அதற்கே தனி நடவடிக்கை வரும்.

பொதுவாகச் சறுக்கும் இடங்கள்

மெடிக்கல் லீவு. உத்தரவு வந்ததும் பத்து நாள் போட்டுவிட்டு, பொறுப்பில் வந்தவர் கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பி வருவது. உங்கள் பெயர் தப்பிக்கும், ஓடை தப்பிக்காது. விடுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்றால் கோப்பில் ஐந்து வரிக் குறிப்பைப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்தவருக்கும் அது கவசம்.

எதிர்ப்பு தெரிவித்துக் கையெழுத்திடுவது. "அறிவுரைப்படி" என்று ஓரத்தில் கிறுக்கிவிட்டுப் பொய் அறிக்கையில் ஒப்பமிட்டால், பொய் என்று தெரிந்தே போட்டீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

முதலில் பத்திரிகைக்குப் போவது. நடத்தை விதி மீறல் என்று 17(பி) (பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை) வந்துவிடும், அதற்குப் பிறகு பேச்செல்லாம் உங்கள் மீறலைப் பற்றித்தான். மத்திய அரசு, பொதுத்துறை நிறுவன ஊழல் என்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு 2004ஆம் ஆண்டு தீர்மானத்தின்படி ரகசியப் புகார் அனுப்பலாம்: உறையின் மேல் பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று எழுத வேண்டும், உங்கள் பெயர் உறையின் மேல் இருக்கக் கூடாது, உள்ளே இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு வரக் காரணம் சத்யேந்திர துபே. நெடுஞ்சாலை ஊழல் பற்றி, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர். 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில அரசு விவகாரங்களுக்கு இந்த வழி கிடையாது. 2014இல் இயற்றிய முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தை நம்பியும் இறங்காதீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிப் பத்தாண்டு ஆன பிறகும் அது நடைமுறைக்கு வரவில்லை.

தனியாகப் போவது. யேலில் இரண்டு பேர் எழுந்ததும் கிட்டத்தட்ட மொத்த அறையும் எழுந்தது. அதே கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய இன்னும் இருவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சங்கத் தலைவரைவிட, பக்கத்து மேசைக் கண்காணிப்பாளர்தான் இங்கே முக்கியம். அவர் உங்கள் பக்கம் வர வேண்டும் என்றுகூட இல்லை. "அ-பதிவேட்டு நகல் இணைக்கப்பட்டுள்ளது" என்று அவர் சாதாரணமாக ஒரு வரி எழுதினால் போதும்.

காவல் நிலையம் தனிக் கதை. அங்கே உத்தரவு நிமிடத்தில் வரும், குறிப்பு வைக்க நேரம் இராது. கையை ஓங்காதீர்கள், ஆளைப் பிடித்துக்கொடுக்காதீர்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள். பொது நாட்குறிப்பில் உங்கள் பணி நேரத்தையும் இருந்த இடத்தையும் உண்மையாக எழுதுங்கள். பிறகு நடுவர் கேட்கும்போது சொல்லுங்கள். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், இரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். தயங்கித் தயங்கித்தான் கையெழுத்திட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தத் தயக்கத்தைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என்ன விலை, எப்படித் தாங்குவது

பெரும்பாலும் இடமாற்றம். சட்டப்படி அது தண்டனை இல்லை என்பதால் எதிர்த்து ஜெயிப்பது கடினம். பிள்ளைகள் படிப்பு, துணைவர் வேலை எல்லாம் அடிபடும்; வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடுத்தது விளக்கம் கோரும் குறிப்பாணை, 17(ஏ) (சிறிய தண்டனைக்கான நடவடிக்கை), 17(பி). இவற்றுக்குப் பதில் எழுத, உங்கள் பழைய ஐந்து வரிக் குறிப்பே அடிப்படை. குற்றச்சாட்டுக்குப் பத்தி பத்தியாகப் பதில், கூடுதல் ஆவணங்கள் கேட்டு ஒரு மனு, கெடு தேதிக்கு முன் ஒப்புகையுடன் தபால்.

பணியிடை நீக்கம் என்றால் தொடக்கத்தில் பிழைப்பூதியம் அரைச்சம்பள விடுப்புக்கு நிகரான தொகையும் அகவிலைப்படியும். வீட்டுக் கடன் தவணை இருந்தால் பாதிச் சம்பளத்தில் ஆறு மாதம் ஓட்ட முடியுமா என்று முன்பே கணக்குப் போடுங்கள். இந்தக் கணக்குப் போடாதவர்தான் போன் வந்ததும் தலையாட்டுகிறார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் 3 மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தானாக நடக்காது, கேட்டு வாங்க வேண்டும்: மத்திய ஊழியர் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், மாநில ஊழியர் என்றால் உயர் நீதிமன்றம்.

பணிப்பதிவேட்டின் நகலை எல்லாம் நன்றாக இருக்கும் காலத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மேலிடத்து உத்தரவுங்க" என்று யாராவது சொன்னால் அதன் எண்ணும் தேதியும் கேளுங்கள். இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு, அந்த ந.க. எண்ணின் நடப்புக் கோப்பு (கடிதங்கள்) மட்டுமில்லாமல் குறிப்புக் கோப்பின் (உள்ளே எழுதிய குறிப்புகள்) எல்லாப் பக்கங்களின் நகலும் வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். பதிலுக்கு 30 நாள். உள்ளே ஒருவர் எழுதி வைத்த ஐந்து வரி வெளியே வருவது இந்த வழியாகத்தான்.

இடமாற்ற ஆணை வந்துவிட்டால், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்தக் கோப்பைத் தனி வரியாக எழுதுங்கள்: ந.க. எண், குறிப்புப் பக்கங்கள் எத்தனை, கடிதப் பக்கங்கள் எத்தனை, புகைப்படம் எத்தனை. பெறுபவர் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.